ஐந்து லட்சம் யாருக்கு, எந்த ஆஸ்பத்திரியில்? வேட்பாளர்களின் மருத்துவக் காப்பீட்டு வாக்குறுதிகளை ஒப்பிட மதுரைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

தேர்தல் நெருங்கிவிட்டால் மதுரையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் மருத்துவக் காப்பீடு பற்றி ஒரு வாக்குறுதியாவது காதில் விழும். பெரும்பாலும் அது ஒரு தொகையாக இருக்கும். ஒருவர் ஐந்து லட்சம் என்பார், அடுத்தவர் பத்து லட்சம் என்பார், மூன்றாமவர் அதற்கும் மேலே போவார். கேட்பவர்கள் தொகை பெரிதாக இருந்தால் திட்டமும் பெரிது என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு காப்பீட்டு வாக்குறுதியில் நமக்கு மிகக் குறைவாக விஷயம் சொல்வது அந்தத் தொகைதான். முதல் முறை ஓட்டுப் போடப் போகிறவர்களுக்காகவும், வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்து வாக்காளர் பட்டியலில் பெயரை இங்கே மாற்றிக்கொண்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் போதும்.

முதல் வேலை: எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி

மதுரை மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன: மேலூர், மதுரை கிழக்கு, மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மதுரை மத்தி, மதுரை மேற்கு, சோழவந்தான், திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி. மக்களவைத் தேர்தல் என்றால் கணக்கு வேறு. மேலூரும் மதுரை என்று பெயர் கொண்ட ஐந்தும்தான் மதுரை மக்களவைத் தொகுதி. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடு சேர்ந்தவை. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு. திருநகரில் வீடு வைத்துக்கொண்டு மதுரை எம்.பி. வேட்பாளரின் துண்டு நோட்டீஸைக் கரைத்துக் குடித்துப் பயனில்லை. உங்கள் ஓட்டு அவருக்குக் கிடையாது. தொகுதியில் சந்தேகம் இருந்தால் 1950-க்குப் போன் போட்டு வாக்காளர் அட்டை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அரசமைப்புச் சட்டப்படி மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் வருகின்றன, காப்பீடு மத்தியப் பட்டியலில் வருகிறது. தனியார் பாலிசிகளுக்கான விதிகளை வகுப்பது மத்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். 2024-ல் 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி எடுப்பதில் இருந்த தடையை அதுதான் நீக்கியது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகக் குறைத்ததும் அதுவே. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை என்றானது ஜிஎஸ்டி கவுன்சில் முடிவால். அங்கே மத்திய நிதியமைச்சரோடு மாநில அமைச்சர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு எம்.எல்.ஏ. வேட்பாளர் 'தனியார் பிரீமியத்தைப் பாதியாக்குவேன்' என்றால், எந்த அதிகாரத்தில் என்று கேட்கலாம். எம்.பி. வேட்பாளர் 'நம்ம ஊர் ஜி.ஹெச்சில் டாக்டர் போடுவேன்' என்றாலும் அதே கேள்விதான். கவுன்சிலர் தேர்தல் என்றால் உங்கள் வார்டின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவரால் ஆவது அதுதான்.

இரண்டாவது: இப்போது என்ன இருக்கிறது

இருப்பது தெரியாமல் புதிதாகத் தருவதை அளக்க முடியாது. தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தி.மு.க. ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய். 2012 ஜனவரியில் அ.தி.மு.க. ஆட்சி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்து, ஆண்டுக்கு 1 லட்சம் என்று மாற்றியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது இரண்டும் இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ஆனது. இதில் சேர குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு பல ஆண்டுகள் 72,000 ரூபாயிலேயே நின்று, 2022-ல் 1,20,000 ஆனது.

எல்லாக் கட்சியும் 'இது எங்கள் திட்டம்' என்று சொல்வதன் காரணம் இதில் தெரிகிறது. ஓரளவுக்கு எல்லாரும் சொல்வது சரி. ஆயுஷ்மான் பாரத் பயனாளிப் பட்டியலில் தகுதி பெறும் குடும்பங்களுக்கான செலவை மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளியே மாநிலம் சேர்த்த குடும்பங்களின் செலவு மாநிலத்தின் தலையில். யார் பெற்ற பிள்ளை என்ற சண்டையில் உங்கள் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். அடுத்து என்ன செய்வார்கள் என்பதற்குப் போய்விடலாம்.

காப்பீட்டை ஒட்டிய வேறு இரண்டு திட்டங்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், மேடையில் இவையும் காப்பீட்டோடு கலந்துதான் பேசப்படும். வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது.

மூன்றாவது: உங்கள் வீட்டுக் கணக்கு

நீங்கள் எந்த வகையில் வருகிறீர்கள் என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குத்தான் அது. அரசு ஊழியர் அல்லது ஓய்வூதியர் என்றால் உங்களுக்கென்று தனிக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சொந்தக் காசில் பாலிசி எடுத்திருக்கலாம். இவை எதுவுமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மதுரையில் அந்தக் கடைசிக் கூட்டம் சின்னதல்ல. ஆட்டோ ஓட்டுகிறவர், பூ மார்க்கெட்டில் சின்னக் கமிஷன் கடை வைத்திருப்பவர், தையல் கடைக்காரர் எனப் பலரும் 1,20,000 ரூபாய் வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் பாலிசி கட்டும் வசதியும் அவர்களிடம் இல்லை. கணக்குப் பாருங்கள்: நாளுக்கு 400 ரூபாய், ஆண்டில் 300 நாள் வேலை என்றாலே 1,20,000 வந்துவிடும். அதுவும் ஒரு ஆளுக்கு. வீட்டில் இரண்டு பேர் சம்பாதித்தால் கேட்கவே வேண்டாம்.

அட்டை இல்லாமல் தகுதி மட்டும் இருந்தால், தேர்தல் வரை காத்திருக்காமல் குடும்ப அட்டை, ஆதார், விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போய் வாருங்கள். இதற்கும் ஓட்டுக்கும் சம்பந்தமில்லை. 'எனக்கு ஓட்டுப் போட்டால் கார்டு வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், கிடைக்க வேண்டியதைத்தான் உங்களுக்கே திருப்பித் தருகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது: அறிக்கையைக் கையில் எடுங்கள்

தொலைக்காட்சி விவாதமும் வாட்ஸ்அப் படமும் வேண்டாம். கட்சியின் இணையதளத்திலிருந்து முழுத் தேர்தல் அறிக்கையை இறக்குங்கள். தி.மு.க.வின் 2021 அறிக்கையில் 505 வாக்குறுதிகள் இருந்தன. மற்றப் பெரிய கட்சிகளும் சளைத்தவை அல்ல. அத்தனையும் படிக்க வேண்டியதில்லை. 'காப்பீடு', 'மருத்துவமனை', 'சுகாதார நிலையம்', 'மருந்து' என்ற நான்கு சொற்களைத் தேடி, வரும் பத்திகளை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கட்சி எழுதிய வார்த்தையிலேயே. 'பரிசீலிக்கப்படும்', 'வலியுறுத்துவோம்', 'வழங்கப்படும்' இந்த மூன்றும் ஒன்றல்ல. 'மத்திய அரசை வலியுறுத்துவோம்' என்று ஒரு மாநிலக் கட்சி எழுதினால், கடிதம் எழுதியதோடு அந்த வாக்குறுதி நிறைவேறியதாக ஆகிவிடும்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அறிக்கை வெளியிடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2019-ல் விதி வைத்துவிட்டது. ஆனாலும் கடைசி வாரம்வரை இழுத்தடிக்கும் கட்சிகள் உண்டு. அப்படி வந்தால் இரண்டு இரவு வேலை, அவ்வளவுதான்.

ஐந்தாவது: நான்கு கேள்வி

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்துக்கு ஒரு வேட்பாளர் என்று வைத்து, ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்வி கேளுங்கள்: யாருக்கு, எதற்கு, எங்கே, காசு எப்படி.

யாருக்கு என்பது பெரும்பாலும் வருமான வரம்பைப் பற்றியது. தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ஆக்குவேன் என்கிறவர், வரம்பைத் தொடாவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்குத்தான் கூடுதலாகத் தருகிறார். வெளியே நிற்கும் ஆட்டோக்காரர் வெளியேதான் நிற்பார். வரம்பை 3 லட்சமாக்கி, தொகையை 5 லட்சத்திலேயே வைக்கிறேன் என்பவருடைய வாக்குறுதி மேடையில் சின்னதாகக் கேட்கும், ஆனால் செல்லூரிலோ ஜெய்ஹிந்துபுரத்திலோ இன்னும் பல வீட்டுக் கதவைத் தட்டும். 72,000 ரூபாய் வரம்பு எத்தனை ஆண்டு அசையாமல் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு, 'விலைவாசி ஏற ஏற வரம்பும் ஏறுமா?' என்றும் கேளுங்கள். வயதை வைத்துத் தரும் திட்டங்கள் இன்னொரு வகை. 2024 மக்களவைத் தேர்தலில் 70 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று பா.ஜ.க. அறிவித்தது, அந்த அக்டோபரில் மத்திய அரசு அதைத் தொடங்கிவைத்தது. அதே தேர்தலில் காங்கிரஸ் 25 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை என்றது, முன்பு ராஜஸ்தானில் அவர்கள் ஆட்சியில் செய்ததைக் காட்டி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒன்று வயதைப் பார்க்கிறது, மற்றது தொகையைப் பெரிதாக்குகிறது. உங்கள் வீட்டில் 74 வயது அப்பத்தா இருந்தால் ஒரு பதில், 40 வயதில் சிறுநீரகப் பிரச்சினையோடு ஒருவர் இருந்தால் வேறு பதில்.

இதில் இன்னொரு விஷயம். ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் வருமான வரம்பு இல்லாமலே இடம் உண்டு. அவர்களுக்கு ஓட்டு இல்லை. அதனால் எந்த வேட்பாளரும் அவர்களைப் பற்றிப் பேச மாட்டார். நீங்கள் வேண்டுமானால் கேட்கலாம்.

எதற்கு என்பதில் ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்: புறநோயாளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் திட்டத்தில் இருந்தாலும், பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் காப்பீடு பேசும். மாதாமாதம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் காசு, தனியார் லேபில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் காசு, டாக்டர் பீஸ் இவை வெளியே நிற்கும். பல வீடுகளில் ஆண்டு முழுக்கப் பையைக் கரைப்பது இதுதான். ஆகவே 'வெளி நோயாளிச் செலவுக்கு என்ன வழி?' என்று கேட்டு, வரும் பதிலை எழுதுங்கள். சிலர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைகளைக் கூட்டுவேன் என்பார்கள். அது காப்பீட்டு வாக்குறுதி இல்லை, ஆனால் அதைவிடப் பயன்படலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனை மருந்தை மொத்தமாக வாங்கித் தரும் மருந்துக் கழகம் 1995-லிருந்து இயங்குகிறது. அதற்கான ஒதுக்கீட்டை உயர்த்துவேன் என்று ஒருவர் சொன்னால் கவனியுங்கள், நோட்டீஸில் அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

எங்கே என்ற கேள்விக்குத்தான் நான் மதிப்பெண் அதிகம் போடுவேன். காப்பீட்டு அட்டை எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லாது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், அதுவும் அந்த ஆஸ்பத்திரி அனுமதி பெற்ற பிரிவுகளில் மட்டும்தான். மதுரை நகரத்தில் இருப்பவருக்குப் பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அரசு இராஜாஜி மருத்துவமனைக்குத் தென்மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆள் வருகிறார்கள். உசிலம்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் நள்ளிரவில் நெஞ்சு வலி வந்தவருக்கு அது ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால். அவருக்கு 5 லட்சமும் 25 லட்சமும் ஒன்றுதான், முதல் மணி நேரத்தில் ஊசி போட உசிலம்பட்டியிலேயே ஆளும் மருந்தும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேலூர், திருமங்கலம், பேரையூர் பக்கம் இருப்பவர்களும் இதையே கேளுங்கள்.

தோப்பூர் எய்ம்ஸ் இதற்கு நல்ல பாடம். 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவிப்பு. 2018-ல் தோப்பூர் முடிவானது. 2019 ஜனவரி 27-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2021 தேர்தலில் ஒற்றைச் செங்கல் பிரச்சாரப் பொருளானது. 2022-ல் முதல் மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்தார்கள், ஆனால் ராமநாதபுரத்தில். எந்தக் கட்சி பக்கம் நின்று பார்த்தாலும் தேதிகள் இவைதான். ஒரு வேட்பாளர் 'மருத்துவமனை கொண்டுவருவேன்' என்றால், எந்த ஆண்டு, யார் பணம், நிலம் கையில் இருக்கிறதா, டாக்டர் பணியிடம் எத்தனை என்று நான்கையும் கேட்கும் பழக்கம் நமக்கு வர எய்ம்ஸ் ஒன்றே போதும்.

காசு எப்படி என்பது ஆஸ்பத்திரி கவுண்டரில் தெரியும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு பேக்கேஜ் தொகை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகை கட்டுப்படியாகவில்லை என்றால் தனியார் ஆஸ்பத்திரி திட்டத்தில் சேராது, சேர்ந்தாலும் 'பெட் இல்லை' என்று சொல்லிவிடும். அல்லது 'இது மட்டும் வெளியில் வாங்கிட்டு வாங்க' என்று சீட்டு வரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையை ஏற்றுக்கொண்ட பிறகும் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் தனியாகப் பில் வந்தது. புகார் கொடுக்க எங்கே போவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே வேட்பாளரிடம் கேட்க வேண்டியது: பேக்கேஜ் தொகையை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவீர்கள், கூடுதலாகப் பணம் வாங்கினால் திருப்பித் தர எத்தனை நாள் கெடு, மாவட்டத்தில் யார் பொறுப்பு. இதற்குப் பதில் சொல்லும் வேட்பாளரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். சொல்பவர் கிடைத்தால் எந்தக் கட்சியாக இருந்தாலும் பக்கத்தில் நட்சத்திரம் போடுங்கள்.

இந்த இடத்தில் இடதுசாரிகள் வேறு பாதை பேசுவார்கள்: காப்பீட்டுக்குப் போகும் பணம் கடைசியில் தனியாருக்குப் போகிறது, அதை நேரே அரசு மருத்துவமனையில் போடு என்று. மறுபக்கத்தார், அரசு ஆஸ்பத்திரிகளும் காப்பீட்டுத் தொகை வாங்குகின்றன, அதில் கருவியும் மருந்தும் வாங்குகின்றன என்பார்கள். இரண்டும் உண்மை. காப்பீட்டுப் பணத்தில் அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, தனியாருக்கு எவ்வளவு என்று கேட்டால் வாதம் சூடு குறைந்து கணக்குக்கு வரும்.

ஆறாவது: பணம் எங்கிருந்து

2013-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு நம் ஊர் இலவச டிவி, மிக்சி வாக்குறுதிகளிலிருந்து கிளம்பியதுதான். அதன் பின்னால் தேர்தல் ஆணையம் நடத்தை விதியில் ஒரு பகுதியைச் சேர்த்தது: வாக்குறுதிக்கு என்ன காரணம், அதற்கான பணத்துக்கு என்ன வழி என்பதைக் கட்சிகள் பொதுவாகவாவது சொல்ல வேண்டும். பல அறிக்கைகளில் இது இரண்டு வரியில் முடியும். நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 கோடிக் குடும்பங்களுக்காகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு கட்டும் ஆண்டு பிரீமியம் குடும்பத்துக்கு 100 ரூபாய் ஏறினால் 100 கோடி ரூபாய். 2022 ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் ஆயிரத்துக்கும் குறைவு. தொகையை ஐந்து மடங்கு ஆக்குவேன் என்பவரிடம், பிரீமியம் எவ்வளவு ஏறும் என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பிரீமியம் ஐந்து மடங்காகாது, ஏனென்றால் அவ்வளவு பெரிய சிகிச்சை தேவைப்படுபவர்கள் குறைவு. சரியான ஆள் என்றால் இதையே பதிலாகச் சொல்வார்.

ஏழாவது: கட்சியைத் தாண்டி ஆளைப் பாருங்கள்

வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் இருக்கும். கொள்கை எதுவும் இருக்காது. கொள்கைக்கு அவர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் அவை நடவடிக்கைகளைத் தேடுங்கள். எம்.பி.க்கள் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாகக் கிடைக்கும். சட்டமன்ற விவாதங்களும் வெளியாகின்றன. மருத்துவம் பற்றி எத்தனை முறை வாய் திறந்தார், எதைக் கேட்டார்? தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆம்புலன்சுக்கோ ஏதாவது போனதா, எல்லாம் நிழற்குடைக்கே போனதா? எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி வருகிறது, கேட்கத் தகுந்த தொகைதான்.

புது முகங்களுக்கும் சுயேச்சைகளுக்கும் இந்தப் பதிவு இருக்காது. அவர்களை நேரில்தான் கேட்க வேண்டும்.

எட்டாவது: நேரில் கேட்பது

ஜீப்பில் கும்பிட்டபடி போகும்போது கேட்டால் 'எல்லாம் நம்ம ஆட்சி வந்ததும் பார்த்துக்கிருவோம்த்தா' என்றுதான் பதில் வரும். காலையில் தெருவில் நடந்து ஓட்டுக் கேட்டு வருவார்கள் பாருங்கள், அப்போது பிடியுங்கள். ஒரே கேள்வி, அதுவும் உங்கள் வீட்டுக் கேள்வியாக இருக்கட்டும்: 'அண்ணே, எங்க வருமானம் ஒண்ணரை லட்சம், கார்டு கிடைக்காதுங்கிறாங்க. உங்க திட்டத்துல கிடைக்குமா?' ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்று வரும். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, மறுநாள் ஆள் அனுப்பிச் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. எல்லா வேட்பாளரிடமும் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. பிடித்தவரிடம் சுலபமாகவும் பிடிக்காதவரிடம் வம்பாகவும் கேட்பது நம் எல்லாருக்கும் இயல்பு.

கடைசியில் நோட்டை விரித்து, உங்கள் வீட்டுக்கு எந்தக் கேள்வி முதலில் வருகிறதோ அதற்கு அதிக எடை கொடுங்கள். அட்டை இல்லாத வீட்டுக்கு 'யாருக்கு', அட்டை இருந்தும் ஊர் தள்ளி இருப்பவருக்கு 'எங்கே', மாத்திரையிலேயே சம்பளம் போகும் வீட்டுக்கு 'எதற்கு'. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு வேட்பாளர் முதலில் வந்தால் அவர் கணக்குத் தப்பு என்று ஆகிவிடாது.

ஓட்டுப் போட்ட பிறகு நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டமன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கை வரும்போது மருத்துவத் துறை தன் கொள்கை விளக்கக் குறிப்பைத் தமிழிலேயே வெளியிடும். காப்பீட்டுக்கு எவ்வளவு செலவானது, எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்பது அதில் இருக்கும். தமிழ்நாடு அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதுரைக்குத் தனிக் கணக்கு வேண்டுமென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். வெற்றி பெற்றவர் நோட்டில் சொன்னதும் அதில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால், அடுத்த முறை அவர் தெருவுக்கு வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி கையில் தயாராக இருக்கும்.